படகில் கிடந்த பங்குனி ஆமை

இருதயராஜ் கல்லூரியில் இருபது வருடம் விலங்கியல் நடத்தியவர். கடல் ஆமைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யக் கிளம்பியபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. வழிகாட்டியாக அமைந்த டாக்டர் மங்கையர்க்கரசி அவரைவிட ஒன்பது வயது சின்னவர். அவர் இவரை "சார்" என்பார். இவர் அவரை "மேடம்" என்பார். இரண்டு பேரில் யார் மாணவர் என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் குழம்புவார்கள்.

இழுவலையில் சிக்கும் ஆமைகளைப் பற்றித்தான் ஆராய்ச்சி. ஆமை மூச்சுவிடக் கடல்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். வலைக்குள் மாட்டிக்கொண்டால் வர முடியாது. எத்தனை சிக்குகின்றன, எத்தனை பிழைக்கின்றன என்று பார்க்க இருதயராஜ் படகு படகாகப் போய்வந்தார்.

மாசி மாதத்தில் ஒரு நாள் மங்கையர்க்கரசியும் கூட வந்தார். நாகப்பட்டினத்து விசைப்படகு. ஓட்டுகிறவர் காத்தலிங்கம். அவரோடு நான்கு பேர்.

காலை ஏழு மணிக்கு முதல் வலையைத் தூக்கினார்கள். வலையின் அடிப்பையான மடியை அவிழ்த்ததும் மீன்களோடு, இந்தக் கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமை ஒன்று வந்து விழுந்தது. கழுத்து தொங்கிப்போயிருந்தது. துடுப்புக் கால்கள் விழுந்த வாக்கில் கிடந்தன.

இருதயராஜ் குனிந்து பார்த்தார். கண்ணோரம் தொட்டார். இமை அசையவில்லை. வாலைக் கிள்ளினார். அதுவும் அசையவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து, நோட்டில் "ஏழு இருபது. இறந்தது" என்று எழுதினார்.

பிறகு பையிலிருந்து கத்தியை எடுத்தார். பெண் ஆமை. வயிற்றுக்குள் முட்டை இருக்கலாம். என்ன தின்றது என்று குடலில் தெரியும். ஆராய்ச்சிக்கு அது பெரிய விஷயம். இங்கேயே அறுத்துப் பார்த்துவிடலாமா என்று வழிகாட்டியைக் கேட்டார்.

மங்கையர்க்கரசி ஆமையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆனால் அதைத் தொடவில்லை.

"கத்தியை உள்ளே வைங்க, சார். சாயங்காலம் அறுக்கலாம்."

"செத்துப்போச்சு, மேடம். பார்த்துட்டேன்."

"செத்திருந்தா சாயங்காலமும் செத்துத்தான் இருக்கும்."

அவர் சொன்னபடி, படகோரத்தில் கட்டியிருந்த பழைய டயர் ஒன்றை அவிழ்த்துக் கொண்டுவந்தார்கள். ஆமையைக் குப்புறக் கிடத்தி, பின்பக்கம் மட்டும் டயரின் மேல் உயர்ந்து நிற்கும்படி வைத்தார்கள். தலை தாழ்ந்ததும் மூக்கிலிருந்து கொஞ்சம் தண்ணீர் வடிந்தது. மேலே ஈரச் சாக்கு போட்டு, வெயில் படாமல் தார்ப்பாயைக் கட்டினார்கள். படகில் இருந்த ஒருவர், மல்லாக்கப் போட்டு நெஞ்சை அமுக்கினால் தண்ணீர் முழுவதும் வெளியே வரும் என்றார். அப்படிச் செய்யக் கூடாது, வேறொன்றும் செய்யாமல் விட்டாலே போதும் என்று மங்கையர்க்கரசி சொல்லிவிட்டார்.

காத்தலிங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. மீன் பிரிக்கிற இடத்தை ஆமை அடைத்துக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய கவலை அவருக்குத் துறைமுகத்தைப் பற்றி. ஆமையைக் கொல்வது சட்டப்படி குற்றம். செத்த ஆமையோடு படகு கரைக்குப் போனால், யார் என்ன சொன்னாலும் முதல் விசாரணை படகுக்காரனிடம்தான் நடக்கும். வழக்கு என்று வந்தால் எத்தனை நாள் அலைய வேண்டியிருக்குமோ. கடலிலேயே போட்டுவிட்டால் யாருக்கும் தொல்லை இல்லை என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் இருதயராஜுக்கும் பட்டது.

மங்கையர்க்கரசி அவரிடம் வாதாடவில்லை. எத்தனை மணிக்குப் படகைத் திருப்புவீர்கள் என்று மட்டும் கேட்டார்.

"நாலு மணிக்கு."

"நாலு வரைக்கும் விடுங்கண்ணே. அதுக்கப்புறம் நீங்க சொல்றபடி செய்யலாம்."

காத்தலிங்கம் சரி என்றார்.

சாக்கு காயாமல் தண்ணீர் ஊற்றும் வேலை இருதயராஜுக்கு வந்தது. அரை மணிக்கு ஒரு வாளி. ஒவ்வொரு தடவையும் வாலைத் தொட்டுப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. பத்து மணிக்கு ஒன்றும் இல்லை. பன்னிரண்டுக்கும் இல்லை. மீன் குழம்பும் சோறும் வந்தன. அவருக்குச் சோறு இறங்கவில்லை. இருபது வருடம் பாடம் நடத்தியவன், செத்த ஆமைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன் என்று உள்ளுக்குள் கோபமாக இருந்தது.

ஒரு மணிவாக்கில் வழிகாட்டியிடம் வந்தார்.

"உயிர் இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும், மேடம்?"

"எனக்குத் தெரியாது, சார்."

அவர் திரும்பிப்போய் இன்னொரு வாளி தண்ணீர் மொண்டார்.

மூன்று மணிக்கு மேல் ஆகியிருக்கும். வாலைத் தொட்டபோது அது லேசாக உள்ளே இழுத்த மாதிரி இருந்தது. படகுதான் அசைந்திருக்கும் என்று நினைத்து மறுபடி தொட்டார். இழுத்தது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. அப்படியே முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஆமை தலையைத் தூக்கியது. வாயைத் திறந்து, பெரிதாக ஒரு மூச்சு இழுத்தது. டயர் டியூபிலிருந்து காற்று போகிற மாதிரி சத்தம். படகில் எல்லோருக்கும் கேட்டது. மீன் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். காத்தலிங்கம் எட்டிப் பார்த்தார். அவராகவே இன்ஜினை அணைத்தார்.

அவசரப்பட வேண்டாம், நன்றாக மூச்சுவிடட்டும் என்றார் மங்கையர்க்கரசி. நான்கு மணி ஆனது. காத்தலிங்கம் அதைப் பற்றிப் பேசவில்லை. நாலரைக்கு ஆமை துடுப்பால் பலகையை அடித்து நகரத் தொடங்கியது. காத்தலிங்கமும் இன்னொருவரும் இரண்டு பக்கமும் முதுகோட்டைப் பிடித்துத் தூக்கி, தண்ணீரில் மெதுவாக இறக்கினார்கள். அது ஒரு கணம் மிதந்தது. பிறகு தலையைச் சாய்த்து உள்ளே போனது. சற்றுத் தள்ளி மேலே வந்து ஒரு மூச்சு எடுத்துவிட்டு மறுபடி போய்விட்டது.

காத்தலிங்கம் ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எல்லோருக்கும் டீ போடச் சொன்னார்.

படகு கரைக்குத் திரும்பியது. இருதயராஜ் டீயைக் குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பும் இருந்தது, வேறு என்னவோவும் இருந்தது. துறைமுகத்து விளக்குக் கம்பம் கண்ணுக்குத் தெரிந்தபோது வழிகாட்டியிடம் பேசினார்.

போன வருடம் தனியாகப் போன படகுகளில் ஏழு ஆமைகள் இப்படி வந்தன என்றார். ஏழையும் தொட்டுப் பார்த்திருக்கிறார். ஏழுக்கும் "இறந்தது" என்று எழுதியிருக்கிறார். அவர் சொன்னதைக் கேட்டுத்தான் படகுக்காரர்கள் உடனே கடலில் தள்ளினார்கள்.

"அந்த ஏழு இடத்திலேயும் இப்போ நான் என்னன்னு எழுதுறது, மேடம்?"

"தெரியாதுன்னு எழுதுங்க, சார். என் நோட்டுல முப்பத்தொரு இடத்துல 'இறந்தது'ன்னு இருந்ததை அடிச்சு அப்படித்தான் எழுதியிருக்கேன்."