ஓலை வைத்திருந்த காற்று

முன்னொரு காலத்தில் கடலோரத்தில் கல்மாளிகை கட்டிக்கொண்ட ராஜா ஒருவர் இருந்தார். வெயில் ஏறி மணல் சுட ஆரம்பித்ததும் கடலிலிருந்து குளிர்காற்று கிளம்பி வருமல்லவா? அது தம் உப்பரிகைக்கு வந்து சேரவில்லையே என்று அவருக்குக் குறை. எதிரே நீண்டு கிடந்த மணல்மேடும் அதன்மேல் அடர்ந்த தாழம்புதரும் காற்றை மறித்தன. அமைச்சர் விழுப்பரையர் ஓலை எழுதினார். ராஜா முத்திரை வைத்தார். ஒரே மாதத்தில் மேடு தரைமட்டமானது. ராஜா சுகமாகத் தூங்கினார்.

ஐப்பசியில் புயல் அடித்தது. மேடு இருந்த வழியாகவே கடல் புகுந்து மீனவர் குப்பத்தை வாரிக்கொண்டு போனது. அரண்மனை விகடகவி வெண்காடனின் தங்கை நாச்சி அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு ஈரச்சேலையோடு அண்ணன் வாசலில் வந்து நின்றாள்.

"மேடு இருந்தப்போ எத்தனை புயல் வந்துச்சு. ஒரு தடவையாச்சும் தண்ணி வாசப்படி ஏறுச்சாண்ணே?"

ஊரையே சிரிக்கவைத்த வெண்காடன் தங்கையை உள்ளே அழைத்துப்போய் மாற்றுச்சேலை எடுத்துக் கொடுத்தான்.

மறுநாள் குப்பத்தார் சபையில் நீதி கேட்டார்கள். வெண்காடன்மேல் வெகுநாள் பொறாமை கொண்டிருந்த விழுப்பரையர் எழுந்தார். "அரசே, குற்றவாளி காற்றுதான். மகா கெட்டிக்காரனான வெண்காடனே அதைப் பிடித்துவரட்டும்."

ராஜாவுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. "மூன்று நாளில் காற்றைச் சபையில் நிறுத்து. தவறினால் உன் தலை தப்பாது."

மூன்றாம் நாள் வெண்காடன் ஓர் ஓலையோடு மட்டும் வந்தான்.

"காற்று எங்கே?" என்றார் ராஜா.

"கண்டுபிடித்தேன், அரசே. ஆனால் கைது செய்ய வழியில்லை. அதனிடம் தங்கள் முத்திரை ஓலை இருக்கிறது." விரித்து வாசித்தான்: "'கடற்காற்று தங்குதடையின்றி உள்ளே வரலாம், மறிப்பது எதுவாயினும் அகற்றப்படும்.' மெல்ல வரவேண்டும் என்று இதில் ஒரு வரியும் இல்லை. அழைப்பின்பேரில் வந்த விருந்தாளியை எப்படிக் கட்டி இழுப்பது? விசாரிப்பதானால் அழைத்தவர்களைத்தான் விசாரிக்க வேண்டும். எழுதிய கை அமைச்சருடையது."

ராஜா விழுப்பரையரின் வெளிறிய முகத்தைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

"மாலை வேண்டாம், அரசே. மேட்டைத் திரும்பப் போட்டுத் தாழை நட உத்தரவு கொடுங்கள்."

அதையும் விகடம் என்றே நினைத்து ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். சபையும் சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் விழுப்பரையர். மாலை வெண்காடன் கழுத்தில் விழுந்தது.

கோட்டை வாசலில் குப்பத்தார் காத்திருந்தார்கள். நாச்சி முன்னால் வந்தாள்.

"ராசா என்னண்ணே சொன்னாரு?"

"சிரிச்சாரு" என்றான் வெண்காடன்.