பெரட்டு வரிசையில் ஓர் இடைவெளி

கதையைக் கவனமாகக் கேளுங்கள். தீர்ப்பை உங்களிடம்தான் கேட்கப்போகிறேன்.

மலாயா ஜப்பான்காரன் பிடியில் இருந்த காலம். ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிற மருதாயி இருந்தாள். தோட்டத்து மளிகைக்கடைச் சீனர் ஆ செங்கைச் சிப்பாய்கள் இழுத்துப்போன அன்று, அவருடைய தாயில்லாப் பெண்குழந்தையை அவள் தன் வீட்டுக்குத் தூக்கிவந்தாள். சீனப் பிள்ளையை வைத்திருப்பது தெரிந்தால் இருவர் உயிரும் போகும். அதனால் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதுபோல மொட்டையடித்து, சந்தனம் பூசி, முகமெல்லாம் மஞ்சள் அப்பினாள். கண்ணுக்கு மையும் தீட்டினாள். கண்ணையே மாற்ற முடியுமா, என்ன?

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. ஒருவர் இறந்தால், பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அவர் இடத்தில் யாரும் நிற்கமாட்டார்கள். காரியத்துக்கு வேண்டிய சூடமும் எண்ணெயும் ஆ செங் கடையில்தான் வாங்குவார்கள். இப்போது சடையாண்டியின் இடம் காலியாக இருந்தது. ஆ செங்கைக் கொண்டுபோன பிறகு, காய்ச்சலில் போனவன் அவன்.

ஒரு நாள் காலை ஜப்பான் சிப்பாய்களின் லாரி வந்தது. தலையில் கோணிச்சாக்கு மாட்டிய ஒருவரை இறக்கினார்கள். சாக்கில் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை.

"சீனப் புள்ளய ஒளிச்சு வச்சது யாருன்னு இவரு தலையாட்டிக் காட்டுவாரு. ஆட்டலேன்னா பாதிப் பேர லாரியில ஏத்துவாங்களாம்," என்றார் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி.

சாக்கு வரிசையோடு நகர்ந்து வந்தது. மூச்சு விடும்போதெல்லாம் துணி உள்ளே போய் வெளியே வந்தது. அதைக் கண்ட பிள்ளைகளெல்லாம் வீறிட்டன. மருதாயி இடுப்பிலிருந்த பிள்ளை மட்டும் சிரித்தது. 'தூக்கு' என்று இரண்டு கைகளையும் நீட்டியது.

உள்ளே இருப்பது யார் என்று மருதாயிக்கு அப்போது தெரிந்துவிட்டது. பளாரென்று குழந்தையின் கன்னத்தில் அறைந்தாள். அதுவும் மற்றப் பிள்ளைகளைப்போல அலறியது. சாக்கு அசையவில்லை. துணி உள்ளே போனது, வெகுநேரம் வெளியே வரவில்லை.

பிறகு அது நகர்ந்தது. காலி இடத்தின் முன்னால் நின்று, அங்கே ஆள் நிற்பதுபோல நிமிர்ந்து பார்த்து, தலையாட்டியது.

"இது யாரு எடம்னு கேக்குறாங்க," என்றார் கிராணி.

சடையாண்டியின் மனைவி பூங்காவனம் முன்னால் வந்தாள். "எம் புருசன் எடங்க. அவருதான் ஒளிச்சு வச்சிருந்தாரு. புள்ளயும் அதே காய்ச்சல்ல போயிருச்சு. இனிமே அவரத்தான் கேக்கணும்."

அவள் வீட்டைக் கொளுத்தினார்கள். சடையாண்டியின் மண்மேட்டை மிதித்துக் கலைத்தார்கள். சாக்கை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஆ செங்கை யாரும் பார்க்கவில்லை.

பெற்றவன் கண்ணெதிரே பிள்ளையை அறைந்தாள் ஒருத்தி. அதைப் பார்த்தும் தன்னைக் காட்டிக்கொள்ளாமல், செத்தவர் இடத்தைக் காட்டினார் ஒருவர். இறந்த கணவன்மேல் பழியைப் போட்டாள் ஒருத்தி. மூவரில் யார் செய்தது பெரிது? சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், பூங்காவனம் செய்ததுதான். மற்ற இருவரும் தங்கள் பிள்ளைக்காகச் செய்தார்கள். அது செத்தவர் இடம் என்று ஆ செங்குக்குத் தெரியும். எந்தப் பெண் அதற்காக அடிபடுவாள் என்று தெரியாது. 'அவர் செத்துப்போனாருங்க' என்ற உண்மையை மட்டும் பூங்காவனம் சொல்லியிருந்தால் அவள் வீடு தப்பியிருக்கும். சாக்கு மறுபடி வரிசையின் தொடக்கத்துக்குப் போயிருக்கும். அவளுக்கு அந்தப் பிள்ளை யாரோ. பதினாறாம் நாள் கழிந்ததும் கங்காணி அந்த இடத்தில் புது ஆளை நிறுத்த வந்தான். பூங்காவனம் அவனை மறித்து மெல்லச் சொன்னாள்: "இருக்கட்டும் கங்காணி. எம் புருசனுக்குக் காரியம் முடிஞ்சுது. கடைக்காரருக்கு இன்னும் செய்யலியே."