ஒன்பது குழி முடியட்டும்

"என் சம்சாரம் இங்கே என்னென்ன பார்த்தாளோ, அத்தனையும் நான் பார்க்கணும். அவ போன அதே கோயில், அதே நேரம், அதே இடம். ஒண்ணுகூடக் குறையக் கூடாது."

கோயமுத்தூர் சென்னியப்பன் இப்படிக் கேட்டது மடத்திலோ மலைக்குகையிலோ இல்லை. கம்போடியாவில், சியம் ரீப் ஊரில், ஒரு ஹோட்டல் வாசலில்.

கேட்கப்பட்டவளும் தாடி வைத்த சாமியார் இல்லை. போபா என்று பெயர். நாற்பதுக்கு ஒன்றிரண்டு வயது குறைவு. கெமர் ராஜாக்கள் கட்டிய கோயில்களைச் சுற்றிக்காட்டுகிற வழிகாட்டி. குரு என்றால் இன்ன மாதிரிதான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

"அத்தனையுமா சார்?" என்றாள் இங்கிலீஷில். அவர்கள் பேசியதெல்லாம் அதில்தான், அவருடைய 'அம்மிணி' ஒன்று தவிர.

"அத்தனையும்."

"கூடக் கொஞ்சம் காட்டலாமா?"

"வேண்டாம். அவ பார்த்தது போதும்."

போபா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நாளைக்குக் காலையில ஆறு மணி" என்றாள்.

"ஆறரைக்கு எனக்கு ஆட்டம் இருக்கே, அம்மிணி."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். பெண்டாட்டி போய் ஏழு மாசம் ஆகியும் வாய் பழைய பாட்டையே பாடுகிறது. அந்த வாயை என்ன செய்ய?



"வர்றேன். ஆறு மணிக்கே வர்றேன்," என்றார்.

விஷயம் இதுதான். சென்னியப்பனும் கிளப் நண்பர்கள் மூன்று பேரும் வருஷா வருஷம் தை மாதம் இந்த ஊருக்கு வருவார்கள். மூன்று நாள். காலையில் ஆண்களுக்கு கோல்ஃப், பெண்களுக்குக் கோயில். "விளையாடின மாதிரியும் ஆச்சு, சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு" என்று டிராவல்ஸ்காரர் சொல்லித்தான் ஆரம்பித்த பழக்கம்.

மற்ற பெண்கள் பஸ்ஸில் போவார்கள். சென்னியப்பனின் மனைவி துளசிமணி மட்டும் தனியாக ஒரு வழிகாட்டி வேண்டும் என்றாள். முழங்கால் வலி, அவர்களோடு ஓட முடியாது என்றாள். நாலு வருஷமும் அவளுக்கு வழிகாட்டி இந்தப் போபாதான்.

கிளம்புகிறபோது துளசிமணி தினமும் கேட்பாள்.

"ஏனுங்க, இன்னைக்காச்சும் கூட வாங்களேன்."

"நாலு பேர் சேர்ந்து ஆடுற ஆட்டம் துளசி. நான் நழுவுனா மூணு பேருக்கும் கெட்டுப்போயிரும். ஒன்பது குழி முடியட்டும், நேரா கோயிலுக்கே வந்துர்றேன்."

பதினெட்டுக் குழி ஆட்டத்தில் ஒன்பது என்பது பாதி. பாதியில் மட்டையை மடக்கி வைத்துவிட்டு வந்த கோல்ஃப்காரரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. நன்றாக ஆடியிருந்தால் விட்டு வர மனசு வராது. மோசமாக ஆடியிருந்தால் மீதி ஒன்பதில் சரிக்கட்டாமல் வர மனசு வராது.

அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு காலையும் நிஜமாகவே போவதாகத்தான் இருந்தார், பாவம்.

சாயங்காலம் அவள் கதை கதையாகச் சொல்வாள். தேவரும் அசுரரும் பாற்கடலைக் கடைகிற சுவர். நாலு பக்கமும் முகம் வைத்த கோபுரம். மரம் வேர்விட்டுப் பிடித்து வைத்திருக்கிற மண்டபம். அவர் 'ம்' கொட்டிக்கொண்டே எட்டாவது குழியில் பந்து தண்ணீரில் விழுந்ததை நினைத்துக்கொண்டிருப்பார்.

போன ஆனியில், தலை சுற்றுகிறது என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, சென்னியப்பன் அவள் சொன்ன கதைகளை நினைத்துப் பார்த்தார். ஒன்றுகூட முழுசாக வரவில்லை. முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள் ஆசையாகச் சொன்னதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருக்கிறோமே என்று அழுதார். ஆண்பிள்ளை அழலாமா என்றெல்லாம் யோசிக்காமல், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

அவள் காதில் இனி எதையும் போட முடியாது. அவள் பார்த்ததையாவது இந்தக் கண்ணால் பார்த்துவிட்டால் மனசு ஆறும் என்று நினைத்தார். அதற்காகத்தான் நண்பர்களோடு இந்த வருஷமும் வந்தார்.

மறுநாள் ஆறு மணிக்கு அங்கோர் வாட்.

அகழிக்கு இந்தப் பக்கமே போபா ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். அங்கே ஒரு இளநீர்க் கடை. கடைக்காரம்மா போபாவைப் பார்த்ததும் கேட்காமலே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்தாள். போபா அவற்றைக் கோயிலுக்கு முதுகு காட்டி, சாலையைப் பார்த்துப் போட்டாள்.

"உட்காருங்க சார்."

நடக்கிறதுக்கு முன்னால் கொஞ்சம் இளைப்பாறச் சொல்கிறாள் போல என்று உட்கார்ந்தார்.

போபா பாற்கடல் சுவரின் கதையைச் சொன்னாள். எத்தனை அசுரர், எத்தனை தேவர், பாம்பின் தலைப் பக்கம் யார், வால் பக்கம் யார், எல்லாம். சென்னியப்பன் இந்தத் தடவை ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். கதை முடிந்தது. இளநீர் முடிந்தது. பஸ் பஸ்ஸாக ஜனங்கள் வந்து இறங்கி, பாலத்தைத் தாண்டி உள்ளே போனார்கள்.

ஏழு ஆயிற்று. எட்டு ஆயிற்று. கால் மரத்துப்போயிற்று.

"போலாமா?" என்றார்.

"இருங்க சார்."

பதினொரு மணிக்கு போபா எழுந்தாள். "வெயில் ஏறிடுச்சு. ஹோட்டலுக்குப் போகலாம்."

"கோயில்?"

"இன்னைக்கு அவ்வளவுதான்."

சென்னியப்பனுக்கு வந்த கோபத்தை நாமம் போட்ட மாதிரி நெற்றியிலேயே பார்க்கலாம். ஆனால் 'ஒண்ணுகூடக் குறையக் கூடாது' என்று சொன்னவர் அவர். ஏதோ முறை இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்.

மத்தியானம் சாப்பிடுகிற இடத்தில் நண்பர் ரங்கராஜ் அவர் தோளில் கை போட்டார். நல்ல மனுஷன். ஆறுதலாகத்தான் சொன்னார்.

"எங்களைப் பத்திக் கவலைப்படாதே சென்னி. மூணு பேரா ஆடினோம். ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனா சீக்கிரமே முடிஞ்சிருச்சு."

சென்னியப்பன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். ரங்கராஜுக்கு ஏன் என்று புரியவில்லை.

இரண்டாம் நாள், முகக் கோபுரங்கள் உள்ள பாயோன் கோயில். அன்றும் அதே கூத்துதான். மரத்தடி, இரண்டு நாற்காலி, சாலை. கோபுரம் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பிப் பார்க்கப் போனார்.

"அவங்க திரும்பலை சார்," என்றாள் போபா.

அவரும் திரும்பவில்லை.

மூன்றாம் நாள், மரங்கள் ஏறிய தா ப்ரோம். அதுதான் கடைசி நாள். மறுநாள் விமானம். வாசலில் போபா நாற்காலியைப் போட்டதும் சென்னியப்பன் நின்றுகொண்டே பேசினார்.

"அம்மிணி, நான் கேட்டதென்ன, நீ பண்ணுறதென்ன? மூணு நாளா வாசல்லயே உட்கார வெச்சுத் திருப்பி அனுப்புறே. நான் செத்தவ பார்த்ததைப் பார்க்கணும்னு கடல் தாண்டி வந்திருக்கேன். இது உனக்கு விளையாட்டாத் தெரியுதா?"

"நீங்க கேட்டதைத்தான் சார் காட்டுறேன்."

"என் சம்சாரம் பாற்கடல் சுவரைப் பார்த்தா. இந்த மரம் புடிச்ச மண்டபத்தைப் பார்த்தா. எங்கிட்டயே சொல்லியிருக்கா."

"நான் இங்கே உட்கார்ந்து சொல்லுவேன். அவங்க கேட்டுக்குவாங்க. அதைச் சாயங்காலம் உங்ககிட்டே சொல்லியிருப்பாங்க."

சென்னியப்பன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ளே?"

"உள்ளே வரலை சார்."

"முழங்கால் வலி. அதுதான்."

"முழங்காலுக்கு ஒண்ணும் இல்லை. வெயில் தாழ்ந்ததும் என்கூட மார்க்கெட்டுக்கு வந்து ரெண்டு மணி நேரம் நடப்பாங்க."

"நாலு வருஷமுமா?"

"நாலு வருஷமும். நான் முதல் நாளே சொன்னேன், ஒரு சுத்துச் சுத்திட்டு வந்துடலாம்னு. கேட்கலை. சேர்ந்து பார்க்கணும்னு வெச்சிருக்கேன், நான் முன்னாடியே பார்த்துட்டா அவருக்கு வருத்தமா இருக்கும்னு சொன்னாங்க."

சாலையில் ஆட்டோக்கள் வந்துகொண்டிருந்தன. கணவனும் மனைவியுமாக ஒரு ஜோடி இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு உள்ளே போனது.

சென்னியப்பன் மெல்ல உட்கார்ந்தார்.  பிறகு கேட்டார்.

"மணி பத்து ஆகும், பதினொண்ணு ஆகும். இவன் வரமாட்டான்னு அவளுக்குத் தெரியாமயா இருக்கும்? அப்ப என்ன சொல்லுவா? திட்டுவாளா? என்னைப் பத்தி ஏதாச்சும் சொல்லியிருப்பாளே. மறைக்காம சொல்லு, அம்மிணி."

துளசிமணிக்கு இங்கிலீஷ் கேட்டால் புரியும், பேச நாலு வார்த்தைக்கு மேல் ஓடாது; மீதி கை ஜாடை. ஆரம்பிப்பது எதில் ஆரம்பித்தாலும் முடிப்பது தமிழில்தான். அதனால் போபாவுக்குத் தமிழில் ஒரே ஒரு பேச்சு தெரியும். தினமும் காதில் விழுந்தது அது.

அவள் சாலையைப் பார்த்தாள். கொங்கு நாட்டு இழுப்பு கொஞ்சமும் குறையாமல் சொன்னாள்.

"வந்துருவாரு அம்மிணி. இன்னுங் கொஞ்ச நேரம் பார்க்கலாம்."