நூற்று நான்காவது மாடு

கொன்றையூர் அரசர் மகுடவர்மருக்கு மோர் இல்லாமல் பொழுதே போகாது. ஒருநாள் மோர் தண்ணீராக வந்தது. அவ்வளவுதான், அரண்மனையே ஆடிப்போயிற்று.

"மாடுகளின் வயிற்றில் புழு, அரசே!" என்று இரண்டு வைத்தியர்கள் வந்து நின்றார்கள். நெட்டையானவர் ஈசானர், குட்டையானவர் பூவராகர். ஆளுக்கொரு கஷாயம் வைத்திருந்தார்கள். உடம்பில் புழு நுழைந்தால் ரத்தம் அதை எதிர்க்கப் படை திரட்டுமாம். அந்த ரத்தத்தில் ஒரு சொட்டு விழுந்தால் கஷாயம் நீலமாகிவிடுமாம்.

தொழுவத்தில் நூறு மாடு. ஈசானர் கஷாயம் அறுபதுக்கு நீலமானது. பூவராகர் கஷாயமோ ஒன்பதுக்குத்தான்.

"யார் அதிகம் கண்டுபிடிக்கிறாரோ அவரே தலைமை வைத்தியர்!" என்றார் அரசர். இரண்டு சோதனைகளை ஒப்பிட இதைவிட மட்டமான வழி உலகத்திலேயே கிடையாது. அதை அரசரிடம் யார் சொல்வது?

மறுநாள் இருவரும் கஷாயத்தின் காரத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பூவராகருக்கு எண்பது மாடு கிடைத்தது. ஈசானருக்குத் தொண்ணூற்றைந்து. அதற்கும் மறுநாள் பூவராகர் மார்தட்டிக்கொண்டு வந்தார். "நூற்று மூன்று!"

"இருப்பதே நூறுதானே?"

"மூன்று சினைமாடு, அரசே."

அரசர் அசந்துபோனார். "அத்தனையையும் நாளைக் காலை புலிக்காட்டுக்கு விரட்டுங்கள்!"

தொழுவம் பார்க்கும் மாயக்கா, அவை விகடன் விடங்கனிடம் ஓடினாள். "சாமி, கன்னுக்குட்டியிலேருந்து என் கையால வளர்த்ததுங்க. நல்லாத் திங்குது, அசை போடுது. இதுங்களையா புலிக்குப் போடுவாங்க?"

காலையில் அவன் ரத்தம் தோய்ந்த ஒரு பஞ்சோடு சபைக்கு வந்தான்.

"நூற்று நான்காவது மாடு. கணக்கில் விட்டுப்போயிற்று. கொஞ்சம் பாருங்கள், வைத்தியர்களே."

பஞ்சைப் பிழிந்ததும் இரண்டு கஷாயமும் கருநீலமாயின.

"அடேயப்பா! உள்ளே புழுக்கள் குடித்தனமே நடத்துகின்றன!" என்றார் ஈசானர்.

பூவராகர் விடுவாரா? "முதலில் விரட்ட வேண்டியது இதைத்தான். தின்பதும் தூங்குவதும் தவிர வேறொன்றும் தெரியாத மாடு!"

"எங்கே நிற்கிறது அது?" என்று உறுமினார் அரசர்.

"நிற்கவில்லை, அரசே. அரியணையில் உட்கார்ந்திருக்கிறது. இன்று சவரம் செய்யும்போது தங்கள் தாடையில் வெட்டுப்பட்டதல்லவா? அதைத் துடைத்த பஞ்சு இது."

வைத்தியர்கள் இருவரும் கஷாயக் கிண்ணங்களை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்கள்.

"எனக்கா புழு? அது ஏழு வயதில் இருந்தது! வேப்பங்கொழுந்து தின்றதும் போய்விட்டது!"

"புழு போய்விட்டது, ரத்தம் படையைக் கலைக்கவில்லை. பல மாடுகளுக்கும் அப்படித்தான். இப்போது உள்ளே புழு இருக்கிறதா என்று சாணியைக் கேட்க வேண்டும், அரசே. கரைத்து, வடிகட்டிப் பார்க்கட்டும்."

வைத்தியர்கள் இருவரும் முழங்கை வரை சாணியில் இறங்கினார்கள். பதினொரு மாட்டில்தான் புழு இருந்தது. அவற்றுக்கு மருந்து கொடுத்தால் போதும் என்றானது. மாயக்கா கையில் கிடைத்த மாட்டின் கழுத்தையெல்லாம் கட்டிக்கொண்டாள்.

அரசர் வயிறு குலுங்கச் சிரித்து, தன் கைக்காப்பைக் கழற்றி விடங்கனுக்குப் போட்டார். சட்டென்று சிரிப்பு நின்றது. வயிற்றைத் தடவினார்.

"அது சரி, என் வயிற்றில் இப்போது ஒன்றும் இல்லை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?"

"அதே வழிதான், அரசே. வைத்தியர்கள் இருவரையும் கை கழுவ வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்."