புலிமுடிக்குப் பலாப்பழம்

கேளுங்கள், கேளுங்கள். சிறியவர்களும் கேளுங்கள், சிறியவர்களாக இருந்ததை மறந்துபோன பெரியவர்களும் கேளுங்கள். மலைக்கு மலை ஓர் அரசும், ஆற்றுக்கு ஆறு ஓர் எல்லையும் இருந்த முன்னொரு காலத்தில், ஓர் ஆற்றின் மேற்குக் கரையில் அத்திக்காடு ஒன்று இருந்தது. காடு முழுக்கக் குரங்குகள்.

அந்தக் காட்டை வரியன் என்ற புலி ஆண்டது. முதல் பழம் எனக்கு என்றது. நடுப்பழம் எனக்கு என்றது. கடைசிப் பழமும் எனக்கே என்றது. புலி பழம் தின்னுமா என்று கேட்பீர்கள். தின்னாது. மரத்தடியில் படுத்துக்கொண்டு மற்றவர்களையும் தின்ன விடாது. பசியெடுத்தால், கிளையிலிருந்து தவறி விழும் குட்டியைத் தின்னும்.

குரங்குகளின் தலைவி வெள்ளைச்சி என்ற மந்தி. அதிகம் பேசாதவள். ஆனால் ஒரு கிளை ஆடினால் ஆட்டியது காற்றா, காக்கையா, கள்ளனா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள்.

மாலையானால் குரங்குகள் வரிசையாக உட்காரும். முன்னால் இருப்பவரின் முதுகில் பின்னால் இருப்பவர் உண்ணி பார்ப்பார். அந்த வரிசையில்தான் வழக்குகள் தீரும், கல்யாணங்கள் முடிவாகும், பழைய கோபங்கள் ஆறும். கொட்டாவி வரும் நேரத்தில் யாரால்தான் கோபமாக இருக்க முடியும்?

ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது வெள்ளைச்சி சொன்னாள்: "வரியனைக் கடிக்க நம்மிடம் பல் இல்லை. அடிக்கப் பலம் இல்லை. கத்தத் தொண்டை இருக்கிறதே!"

அன்றிலிருந்து வரியன் நடந்தால் மேலே ஒரு கூச்சல். படுத்தால் ஒரு கூச்சல். பதுங்கினால் காடே கிடுகிடுக்கும் கூச்சல். மான் ஓடியது, பன்றி ஓடியது, காது மந்தமான கிழட்டு முயல்கூட ஓடியது. வரியனின் வயிறு முதுகோடு ஒட்டியது. இன்னும் ஒரு கோடை இப்படியே போனால் தானாகவே காட்டைவிட்டுப் போய்விடும் போலிருந்தது.

அப்போதுதான் ஆற்றைத் தாண்டி ஒரு நரி வந்தது. கிழக்குக் கரையை ஆண்ட சிங்கராயரின் மந்திரி அது.

"உங்கள் துயரத்தைக் கேட்டு எங்கள் ராயர் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை" என்றது நரி.

"மூன்று நாளும் பட்டினியா?" என்று கேட்டாள் வெள்ளைச்சி.

"நடுவில் ஒரு மான். சின்ன மான்தான்."

சிங்கராயருக்குக் குரங்குகள்மேல் அன்பு இருந்ததோ இல்லையோ, மேற்குக் கரை மான்கள்மேல் ஆசை இருந்தது. வரியன் ஒழிந்தால் போதும். அதனால் பலாப்பழங்களை மலைபோல் குவித்துவைத்துவிட்டு மந்திரியை அனுப்பியிருந்தார். ஒரு பிடி புலிமுடி கொண்டுவந்தால் ஒரு முழுப் பலாப்பழம். அதுதான் பேச்சு.

"நாங்கள் கத்துகிறோமே, அதற்கு?" என்றாள் வெள்ளைச்சி.

"அதெல்லாம் நல்லதுதான் தாயே. ஆனால் கத்தலைக் கையில் பிடித்து ராயரிடம் காட்ட முடியுமா? முடி என்றால் காட்டலாம்."

வெள்ளைச்சி யோசித்தாள். ஆனால் அவள் யோசித்து முடிப்பதற்குள் கரட்டான் என்ற கடுவன் குரங்கு மரத்திலிருந்து குதித்தோடி, தூங்கிக்கொண்டிருந்த வரியனின் வாலிலிருந்து ஒரு கொத்து முடியைப் பிடுங்கிக்கொண்டு வந்து நரியின் காலடியில் போட்டான். பலாப்பழம் வந்தது. பிளந்தார்கள். அந்த வாசனைக்கு முன்னால் எந்த யோசனைதான் நிற்கும்?

அதன்பின் யார் கத்துவார்கள்? அதிகம் பிடுங்கியவனுக்கு அதிகப் பழம். அதிகப் பழம் வைத்திருப்பவன் பின்னால் அதிகக் கூட்டம். பிடுங்குவதில் கரட்டானே முதல்வன் ஆனதால், கேட்காமலே தலைவனும் ஆனான். எப்படிப் பதுங்குவது, எங்கே பிடிப்பது, எப்படி ஓடுவது என்று நரியே கூடமாட நின்று சொல்லிக்கொடுத்தது.

வரியனுக்கு வால் மொட்டையானது, வயிறு மொட்டையானது, கடைசியில் மீசையும் போனது. மீசை போன புலியை எலி மதிக்குமா? ஒருநாள் விடியற்காலை, யாரும் பார்க்காதபோது, வரியன் வெட்கத்தோடு மலைக்கு அப்பால் போய்விட்டது.

காடே ஆடியது! அத்திப்பழம் வாயில், அத்திப்பழம் கையில், அத்திப்பழம் தலைமேல். வெள்ளைச்சியும் ஆடினாள். வரியன் போனதில் அவளுக்கு மகிழ்ச்சி இல்லாமல் இருக்குமா? அவளுடைய முதல் குட்டியைத் தின்ற புலி அல்லவா அது.

மறுநாள் கரட்டானும் கூட்டமும் கூலிக்குப் போனார்கள். பலாக்கிடங்கு பூட்டியிருந்தது.

"வேலை முடிந்தது. வீட்டுக்குப் போங்கள்" என்றது நரி.

"எங்களுக்கு இதுதானே வேலை?" என்றான் கரட்டான்.

நரிக்கு வேறு வேலை இருந்தது. மேற்குக் கரை மான்களை எண்ணிக்கொண்டிருந்தது.

பழக்கப்பட்ட கை சும்மா இருக்குமா? ஆட்டின் தாடியைப் பிடுங்கியது. கரடியின் காதைப் பிடுங்கியது. மயிலின் தோகையைப் பிடுங்கியது. முள்ளம்பன்றியிடமும் ஒருமுறை போனது. அந்தக் கதையைக் கரட்டான் கூட்டத்தில் யாரும் விரும்பிச் சொல்வதில்லை. பிடுங்கலுக்குப் பயந்தவர்கள் பழத்தையோ கிழங்கையோ கொடுத்துத் தப்பித்தார்கள். இதைக் கேள்விப்பட்டுத் தெற்கிலிருந்து கீரிகள் வந்தன, வடக்கிலிருந்து மரநாய்கள் வந்தன, எங்கிருந்தோ காட்டுப்பூனைகளும் வந்தன. சிலருக்கு உண்மையாகவே ஒரு வரியன் இருந்தது. சிலர் திரும்பிப் போகும் வழியில் ஒரு வரியனைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் கரட்டான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: பதுங்கு, பிடி, ஓடு.

காட்டில் இன்னொன்றும் நடந்தது. மாலை வரிசை நின்றுபோனது. பிடுங்குகிற கைக்கு யார் முதுகைக் காட்டுவார்கள்? எல்லாக் குரங்குகளும் மரத்தில் முதுகை ஒட்டிவைத்து, ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு, தனித்தனியாகச் சொறிந்துகொண்டிருந்தன. உண்ணிகளுக்குத்தான் பொற்காலம்.

வெள்ளைச்சிக்கு வரியன் போனபின் பிறந்த மகள் ஒருத்தி இருந்தாள். பெயர் துடுக்கி. புலியை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் பிடுங்குவதில் கரட்டானையே மிஞ்சினாள். "வேண்டாமடி" என்று தாய் சொன்னால், "நீ கத்தினாயாமே அம்மா! கத்தி என்ன கிடைத்தது?" என்று சிரிப்பாள்.

ஒரு நண்பகல் துடுக்கி ஆற்றுப் பாறைகளைத் தாண்டினாள். கிழக்குக் கரையில் சிங்கராயர் உண்ட களைப்பில் உறங்கிக்கொண்டிருந்தார். பதுங்கினாள், பிடித்தாள், ஓடினாள். எங்கே ஓடினாள் தெரியுமா? நேராகப் பலாக்கிடங்குக்கு.

"மந்திரியாரே! ஒரு பிடி முடி. எங்கே என் பழம்?"

நரி முடியை முகர்ந்து பார்த்தது. அதன் வால் விறைத்தது. "அடிப்பாவி! இது யாருடைய முடி?"

"முடிக்குப் பழம் என்றுதானே எங்கள் காட்டில் சொல்கிறார்கள்? ஆள் பெயர் யாரும் சொல்லவில்லையே."

ஆற்றுக்கு அக்கரை வரை கேட்டது சிங்கராயரின் கர்ஜனை. துடுக்கி பிடிபட்டாள். "பொழுது சாய்வதற்குள் இவள் உயிர் போகும். நாளை யானைகள் வந்து அத்திக்காட்டை வேரோடு பிடுங்கும்!" என்று தீர்ப்பு வந்தது.

வெள்ளைச்சி ஓடி வந்தாள். அவளுக்கு முன்பே கரட்டானின் கூட்டம் வந்து மரங்களில் நிறைந்திருந்தது. கீழே சிங்கராயர்; காதுக்குப் பின்னால் ஓர் உள்ளங்கையளவு வழுக்கை. அவரைச் சுற்றி யானைகள். நடுவில் கொடியால் கட்டப்பட்ட துடுக்கி.

"ஆளுக்கு ஒரு பிடி! ராயரை மொட்டையடித்துவிட்டுப் பிள்ளையை மீட்போம்!" என்று கத்தினான் கரட்டான்.

"இறங்கிப் பார், நசுக்கிவிடுகிறோம்!" என்றன யானைகள்.

வெள்ளைச்சி மகளைப் பார்த்தாள். மரங்களைப் பார்த்தாள். ராயரைப் பார்த்தாள். கோபத்தின் நடுவிலும் அவருடைய பின்னங்கால் பிடரியைச் சொறிந்துகொண்டே இருந்தது. மரத்தில் கரட்டானும் சொறிந்துகொண்டிருந்தான். யானைகள்கூட மரத்தில் உரசிக்கொண்டிருந்தன.

அவள் நடுவெளியில் போய் உட்கார்ந்தாள். கரட்டான் இருந்த பக்கம் முதுகைத் திருப்பினாள்.

"கரட்டா, இறங்கி வா. வலது தோளுக்குக் கீழே எனக்குக் கை எட்டவில்லை. பார்த்துச் சொல்."

காடு மூச்சை நிறுத்தியது. பிடுங்குகிறவனுக்கு முதுகைக் காட்டுகிறாளே! கரட்டான் இறங்கி வந்தான். கை நீட்டினான். பழைய பழக்கம் ஒரு பக்கம் இழுத்தது. அதைவிடப் பழைய பழக்கம் மறுபக்கம் இழுத்தது. கடைசியில் முடியை மெல்ல விலக்கினான்.

"அம்மாடி! சுண்டைக்காய் அளவு!" என்றான்.

உண்ணியை எடுத்துக் காட்டினான். வெள்ளைச்சி விட்ட பெருமூச்சில் பக்கத்துப் புல் சாய்ந்தது.

"அம்மா, மாமா என்ன செய்கிறார்? முடி ஒன்றும் வரவில்லையே!" என்று கேட்டாள் துடுக்கி. உண்ணி பார்ப்பதை அவள் பிறந்து இன்றுதான் பார்க்கிறாள்.

மரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கிக் கரட்டானுக்குப் பின்னால் உட்கார்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று.

சிங்கராயர் தொண்டையைச் செருமினார். "அது... அவ்வளவு சுகமா?"

"திரும்பி உட்காருங்கள் ராயரே, சொல்கிறேன்" என்றாள் வெள்ளைச்சி.

"கூடாது பிரபு! இது சூழ்ச்சி!" என்று அலறியது நரி.

ராயர் வெள்ளைச்சியின் கையைப் பார்த்தார். பெற்ற மகள் கட்டுண்டு கிடக்க, எதிரியின் கழுத்து கைக்கெட்டும் தூரத்தில் வரப்போகிற தாய் அவள். ஆனால் அரிப்பு என்று ஒன்று இருக்கிறதே! கண்ணை இறுக மூடிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார்.

வெள்ளைச்சியின் விரல் பிடரிக்குள் நுழைந்தது. ஒரே இழுப்பு இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று உண்ணிகளை எடுத்து இலையில் வைத்தாள். ராயர் விட்ட "ஆ...ஹா" என்ற ஒலியில் மரத்துப் பறவையெல்லாம் பறந்தன. மந்திரி நரி ஓடியே போய்விட்டது.

"கேள், என்ன வேண்டும்? கிடங்கைத் திறக்கச் சொல்லவா? ஓர் உண்ணிக்கு ஒரு பலாப்பழம்!" என்றார் ராயர்.

"ஐயையோ, வேண்டாம்" என்றாள் வெள்ளைச்சி. "அப்படிக் கொடுத்தால் நாளைக்கு எங்கள் பிள்ளைகள் உண்ணியை வளர்த்துக் கொண்டுவருவார்கள். எனக்கு என் மகள் போதும். முடிக்கு விலை வைத்தவர் நீங்கள். ஆடும் கரடியும் மயிலும் இழந்ததற்கு நீங்களும் வந்து எங்களோடு பதில் சொல்லுங்கள். அதுவும் போதும்."

ராயர் தன் பல்லாலேயே கொடியைக் கடித்துத் துடுக்கியை விடுவித்தார். பூட்டைத் திறந்து பலாப்பழங்களை எல்லாருக்கும் பொதுவாக வைத்தார். அன்று யானையும் குரங்கும் ஒரே பழத்தின் சுளைக்குச் சண்டை போட்டன. சிரித்துக்கொண்டே போட்ட சண்டை. ஆட்டிடம் மன்னிப்புக் கேட்க ராயர் நேரில் போனபோது, ஆடு பயத்தில் மரமேறிவிட்டது. அதை இறக்கத் துடுக்கிதான் ஏறினாள்.

எல்லாரும் அன்றே திருந்திவிட்டார்கள் என்று சொன்னால் கதை இனிக்கும். ஆனால் பொய்யாகிவிடும். தெற்கே போன கீரிகள் திரும்பி வரவில்லை. பதுங்கு, பிடி, ஓடு என்று அங்கே இன்னும் யாரோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்து மயில்களுக்கு நெடுங்காலம் தோகையே இல்லை.

மறு வருடம் சதுப்புநிலத்திலிருந்து நீர்நாய்கள் சில, குட்டிகளை முதுகில் சுமந்துகொண்டு அழுதபடி ராயரிடம் வந்தன. அங்கே ஒரு முதலையின் அட்டூழியம். திரும்பி வந்து மறுபடி மந்திரியாகியிருந்த நரியின் கண் மின்னியது.

"பிரபு, அருமையான சதுப்புநிலம்! ஒரு முதலைப் பல்லுக்கு ஒரு பலாப்பழம் என்று..."

ராயரின் கை தானாகவே காதுக்குப் பின்னால் போனது. அங்கே இன்னும் முடி முளைக்கவில்லை.

"குட்டிகளுக்கு இங்கே இடம் கொடுங்கள். பெரியவர்களுக்கு வயிறாரச் சோறு கொடுங்கள். முதலையிடம் நியாயம் கேட்க நானே நேரில் வருகிறேன்" என்றார் ராயர். "பல்லுக்கு மட்டும் விலை பேசாதே."

பகைவனை வீழ்த்த அயலான் காட்டில் கூலி கொடுத்து வளர்த்த வன்முறை, பகைவன் போன பின்பும் போகாமல் பிள்ளைகளுக்கும் பழகி, ஒருநாள் வளர்த்தவன் வாசலிலேயே வந்து கூலி கேட்கும்.