சேனையின் அடியில்

“எனக்குள்ள கிடக்கிற பழைய ஆளைப் பிடுங்கி எறிஞ்சு குடுங்கம்மா. அப்புறம்தான் ஊருக்குப் போவேன்” என்றார் வேலாண்டி.

தில்லையம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். மலையடிவாரத்து மடத்துக்கு அவர்தான் குரு. சீடரான வேலாண்டியைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அதனால் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார்.

“ஊர்ல என்ன விசேஷம்ணே?”

“சின்ன மகளுக்குக் கல்யாணம். வர்ற வெள்ளிக்கிழமை. தாரை வார்க்க நீதான் வரணும்னு அவளே வந்து சொல்லிட்டுப் போயிட்டா.”

“போயிட்டு வாங்க.”

“பெரியவ கல்யாணத்துல குடிச்சிட்டு சம்பந்தியோட மல்லுக்கு நின்னவன்மா நான். பந்தியில போட்ட இலையை மிதிச்சவன்.”

“இப்பவும் குடிக்கிறீங்களா?”

“மூணு வருஷமாத் தொடலை. ஆனா அவன் உள்ளதான் இருக்கான். நாலு நாளாச் சோறு இறங்கலை. படுத்தா புரளுறேன். எழுந்தா எங்க போறதுன்னு தெரியலை.”

முறம் நின்றது.

“கிணத்தடியில சேனை நட்டீங்களே சித்திரையில, அதுல ஒண்ணைத் தோண்டுங்க. நீங்க நட்ட துண்டு எனக்கு வேணும்.”

“இதுக்கும் அதுக்கும்…”

“தோண்டுங்கண்ணே.”

தை பிறந்து தண்டு எல்லாம் பழுத்துச் சாய்ந்திருந்தது. சுற்றிலும் கடப்பாரை போட்டு நெம்பினார். குடத்தளவுக்கு ஒரு கிழங்கு உருண்டு வந்தது. அவர் நட்டதோ தேங்காய் மூடி அளவுத் துண்டு.

பெரியதைத் தள்ளி வைத்துவிட்டுக் குழிக்குள் கையை விட்டுத் துழாவினார். மண்ணை அள்ளி அள்ளிப் பார்த்தார். பக்கத்தில் இன்னொரு குழி வெட்டினார். அதிலும் ஒன்றுமில்லை. வியர்த்து வழிந்தது. கடப்பாரையைத் தூக்கி எறிந்தார்.

“எலி தின்னுட்டுப் போயிருச்சும்மா!”

“கிழங்கைப் புரட்டிப் பாருங்க.” தில்லையம்மாள் பின்னாலேயே வந்து நின்றிருந்தார்.

புரட்டினார்.

அவர் நட்ட துண்டு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. கறுத்துச் சுருங்கி, வெறும் தோல். விரல் பட்டதும் உதிர்ந்தது.

வேலாண்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“இதுக்குள்ள இருந்ததெல்லாம் எங்கம்மா?”

தில்லையம்மாள் குனிந்து பெரிய கிழங்கின்மேல் இருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

“கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோடவா போவாங்க? இதைத் தூக்கிட்டுப் போங்க. பந்திக்கு ஆகும்.”

வேலாண்டி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். கிழங்கைத் தூக்கித் தோளில் வைத்தார்.

நாலடி நடந்திருப்பார். கிழங்கில் கடப்பாரை கீறிய இடம் அவர் கழுத்தில் உரசியது. நின்று சொறிந்தார்.

“அம்மா, நடும்போது அந்தப் பழசு எப்படி அரிச்சுச்சோ, இதுவும் அப்படியே அரிக்குதே!”

“அரிக்கத்தான் செய்யும். புளி ஊத்தி வேகவைக்கச் சொல்லுங்க.”