ஸ்பூன் இல்லாத கிளப்பு

"எல்லாத்தையும் பழையபடி மாத்திட்டேன், தாயி. பழசு மட்டும் திரும்பி வரலை" என்றார் நல்லபெருமாள்.

திருநெல்வேலியில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் அவர். அவர் குருவாக நம்பிய அம்பலத்தாளுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

"எது வரலை?"

"எங்க அப்பா நடத்தின சாப்பாட்டுக் கிளப்புல சாப்பிட்டு எந்திரிக்கவங்க முகத்துல ஒரு நிறைவு தெரியும். அதே மாதிரி பளிங்கு மேசை தேடிப் பிடிச்சுப் போட்டேன். அதே தலைவாழை இலை, அதே பித்தளைக் கூஜா, அதே தேங்காப்பால் சொதி. வாராங்க, போட்டோ எடுக்காங்க, போறாங்க. மறுபடி யாரும் வரலை. எதுல குறை வச்சேன்?"

அம்பலத்தாள் எழுந்தார்.

"எனக்குப் பசிக்குது."

இது பதிலா, வெறும் பசியா? நல்லபெருமாளுக்கு விளங்கவில்லை. கூடவே நடந்தார்.

நல்லபெருமாளின் கடையில் மத்தியானக் கூட்டம். சுவரோரப் பெஞ்சில் தனியாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். வலது கை முழுக்க மாவுக்கட்டு. இலையில் சோறு விழுந்து, சொதியும் ஊற்றியாகிவிட்டது.

"ஒரு ஸ்பூன் கிடைக்குமா?"

"நம்ம கடையில ஸ்பூன் கெடையாது சார். அந்தக் காலத்து முறை. கையாலதான்" என்றார் பரிமாறுகிறவர், மிகவும் பணிவாக.

அப்படிச் சொல்லப் பழக்கியதே நல்லபெருமாள்தான்.

அந்த மனிதர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. இடது கையால் இலையை மெல்ல மூடினார். எழப் போனார்.

அம்பலத்தாள் போய் அவர் தோளைத் தொட்டார். "உக்காருங்க." பிறகு நல்லபெருமாளைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்க அப்பா ஸ்பூன் வச்சிருந்தாரா?"

"இல்லை தாயி. அதனாலதானே நானும்..."

"இவர் அன்னைக்கு வந்திருந்தா?"

நல்லபெருமாள் வாயைத் திறந்தார். மேசை ஞாபகம் இருந்தது. கூஜாவின் கழுத்து நெளிவுகூட ஞாபகம் இருந்தது. அப்பா என்ன செய்திருப்பார்?

"தெரியலையே."



நல்லபெருமாளுக்கு என்ன தோன்றியதோ, செருப்புகூடப் போடாமல் வெயிலில் தெருவைத் தாண்டி ஓடினார். எதிர்ப்பக்க ஜூஸ் கடையிலிருந்து ஒரு ஸ்பூனோடு வந்தார். கழுவினார், தோள் துண்டால் துடைத்தார். வேறு இலை போட்டு, சுடுசோறு வைத்து, தன் கையாலேயே சொதியை விட்டுப் பிசைந்தார்.

மனிதர் ஒரு வாய் சாப்பிட்டார். இரண்டாவது வாய்க்கு நிமிர்ந்தார்.

"அண்ணாச்சி, நீங்க சாப்பிட்டாச்சா?"

அந்தக் கடைக்குள் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"இல்லை" என்று தானாக வந்துவிட்டது.

"அப்ப உக்காருங்க. தனியாத் தின்னா எறங்க மாட்டேங்குது." பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

நல்லபெருமாளுக்கு எல்லாம் குழம்பிப் போயிற்று. உட்காருவதா, நிற்பதா? கடை யாருடையது?

"தாயி, இங்க விருந்தாளி யாரு?"

அம்பலத்தாள் அந்த இடத்தில் ஓர் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல கையைக் கழுவிட்டு வாங்க."